ப்ளானா, ப்ளான்ஷா? பிரெஞ்சுப் பெயரடை: வாசகர் கேள்வி – பதில்

பிரெஞ்சு படிக்கும் வாசகர்களிடம் இம்முறை பெயரடை குறித்துக் கேள்வி கேட்டிருந்தோம். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே இடத்தைச் சுற்றின: பெயர்ச்சொல் ஆண்பாலா பெண்பாலா, ஒருமையா பன்மையா என்று பார்த்து அடைமொழியின் வாலை மாற்றும் வேலை. பிரெஞ்சுச் சொற்களைக் காதில் விழுகிறபடியே தமிழில் எழுதியிருக்கிறோம். எழுத்துக்கூட்டல் வேண்டிய இடத்தில் ரோமன் எழுத்துகளை ஈ, எஸ், எக்ஸ் என்று நாம் பள்ளியில் சொல்லிப் பழகிய பெயராலேயே குறிக்கிறோம்.

கேள்வி: தமிழில் நல்ல பையன், நல்ல பெண், நல்ல வீடு என்று எல்லாவற்றுக்கும் ஒரே 'நல்ல' போதும். பிரெஞ்சில் மட்டும் ஏன் நாலு வடிவம்? எங்கிருந்து தொடங்குவது?
– கல்லூரி மாணவி, விழுப்புரம்

இந்தப் பழக்கம் தமிழிலும் பாதி உண்டு. பெயருக்கு முன்னால் நிற்கிற 'நல்ல' மாறாது. பெயரெச்சம் திணை பால் காட்டாது என்று நம் இலக்கணமே சொல்கிறது. அதையே வாக்கியத்தின் முடிவுக்குக் கொண்டுபோங்கள்: அவன் நல்லவன், அவள் நல்லவள், அது நல்லது, அவர்கள் நல்லவர்கள். வால் முளைத்துவிட்டது. நாம் வாக்கிய முடிவில் மட்டும் செய்வதைப் பிரெஞ்சுக்காரர் எல்லா இடத்திலும் செய்கிறார். பெயருக்கு முன், பெயருக்குப் பின், 'இருக்கிறது' என்ற பொருள் தரும் எத்ர் வினைக்குப் பின், எங்கே நின்றாலும் பெயரடை தன் பெயரைப் பார்த்து உருமாறும்.

அகராதியில் இருப்பது ஆண்பால் ஒருமை. பெண்பாலுக்கு ஒரு ஈ சேரும், பன்மைக்கு ஒரு எஸ் சேரும், பெண்பால் பன்மைக்கு இரண்டும் சேரும். பச்சை என்பதற்கு வேர் என்ற சொல். எழுத்தில் அதற்கு நாலு வடிவம், காதுக்கு இரண்டே. ஆண்பாலில் வேர், பெண்பாலில் வேர்த். பன்மையின் எஸ் பெரும்பாலும் ஊமை. பெண்பாலின் ஈ-யும் ஊமைதான், ஆனால் தனக்கு முன்னால் வாய்மூடிக் கிடந்த மெய்யைப் பேசவைத்துவிடும்.

புதுச்சேரிக்குப் போனால் இதைத் தெருவிலேயே பார்க்கலாம். பெரிய வாய்க்காலுக்குக் கிழக்கே கடல் பக்கம் இருந்ததை வில் ப்ளான்ஷ் என்றும் மேற்கே இருந்ததை வில் நுவார் என்றும் பிரெஞ்சுக்காரர் அழைத்தார்கள்: வெள்ளை நகரம், கறுப்பு நகரம். நகரம் என்னும் வில் பெண்பால். அதனால் வெள்ளை என்பதற்கான ப்ளான், ப்ளான்ஷ் ஆயிற்று. நுவாரும் பெண்பால் உருவில்தான் எழுதப்படுகிறது, கடைசியில் ஈ உண்டு; ஆனால் இரு பாலுக்கும் ஒலி ஒன்றே என்பதால் காதுக்குத் தெரியாது. அதே ஊரின் பெத்தி செமினேர் பள்ளியை எடுத்துக்கொள்ளுங்கள். செமினேர் என்ற சொல் ஈ-யில் முடிகிறது, ஆனாலும் ஆண்பால். அதனால்தான் பெத்தி, பெத்தித் அல்ல. பெயர்ச்சொல் ஈ-யில் முடிந்தாலே பெண்பால் என்று கணக்குப் போடுபவர்கள் வழுக்கி விழும் இடம் இது.

கேள்வி: எழுதும்போது ஈ சேர்த்துவிடுகிறேன். பேசும்போது எந்த மெய்யை ஒலிப்பது என்று தெரியாமல் தடுமாறுகிறேன். ஏதாவது வழி?
– வங்கி ஊழியர், சென்னை

பாடப்புத்தகங்கள் எல்லாம் ஆண்பாலைத் தந்து, அதிலிருந்து பெண்பாலை உண்டாக்கச் சொல்கின்றன. பேச்சுக்கு இது தலைகீழ் வழி. பெண்பாலை முதலில் மனப்பாடம் செய்யுங்கள், அதன் கடைசி மெய்யை வெட்டினால் ஆண்பால் கிடைக்கும்.

ஏன் என்று பாருங்கள். ப்ளான், க்ரான், லோன் மூன்றும் ஆண்பால்; வெள்ளை, பெரிய, நீளமான என்று பொருள். மூன்றும் மூக்கொலியில் முடிகின்றன. பெண்பாலில் முறையே ப்ளான்ஷ், க்ராந்த், லோங்க். ஒன்றுக்கு ஷகரம், ஒன்றுக்கு தகரம், ஒன்றுக்கு ககரம். ஆண்பாலை மட்டும் கேட்டவர் இதை ஊகிக்கவே முடியாது. பெண்பாலைக் கேட்டவர் வாலை நறுக்கினால் வேலை முடிந்தது. பெத்தித் என்றால் பெத்தி. தூஸ் என்றால் தூ, மென்மையான. ஃப்ரேஷ் என்றால் ஃப்ரே, குளிர்ச்சியான, புதிதான. க்ரோஸ் என்றால் க்ரோ, பருத்த. எரேஸ் என்றால் எரே, மகிழ்ச்சியான.

கடைசி மெய் னகரமாக இருந்தால் வெட்டும்போது முன்னுள்ள உயிர் மூக்கொலியாகும்: பொன் என்ற பெண்பால், போன் என்ற ஆண்பால். ஆந்தியென் என்றால் இந்தியப் பெண், ஆந்தியான் என்றால் இந்திய ஆண். வகர ஒலியில் முடிந்தால் வெட்டவேண்டாம், ஃப் ஆக்குங்கள்: புதிய என்னும் நெவ், ஆண்பாலில் நெஃப்.

இன்னொரு ஆதாயமும் உண்டு. வினையடை வேண்டுமானால் பெரும்பாலும் பெண்பாலோடுதான் மான் என்ற ஈற்றை ஒட்ட வேண்டும். மெதுவான என்பதற்குப் பெண்பால் லான்த். மெதுவாக என்றால் லான்த்மான். தூஸ்மான், எரேஸ்மான் எல்லாம் இந்த வகை. ஆண்பால் ஏற்கெனவே ஒலிக்கும் உயிரில் முடிந்தால் மட்டும் ஈ-யைச் சேர்க்காமல் நேராக ஒட்டுவார்கள்: வ்ரே (உண்மையான), வ்ரேமான்.

கேள்வி: அழகான என்பதற்கு போ, பெல் என்று படித்தேன். பிறகு ஆண்பாலிலேயே பெல் வருகிறது என்கிறார்கள். ஆணுக்கு ஏன் பெண்பால் உரு?
– பிளஸ் டூ மாணவர், கடலூர்

ஒலி ஒன்றுதான், எழுத்து வேறு. ஆண்பால் பெல் ஒரே எல்லில் முடியும். பெண்பால் பெல்லுக்கு இரண்டு எல்லும் ஒரு ஈ-யும்.

உயிரெழுத்திலோ ஊமை எச்சிலோ தொடங்கும் ஆண்பால் ஒருமைப் பெயருக்கு முன்னால் அடிக்கடி வரும் மூன்று பெயரடைகள் தனி உரு எடுக்கும். போ பெல் ஆகும்: அன் பெல் ஓம், அழகான மனிதன். நுவோ நுவெல் ஆகும்: அன் நுவெல் அமி, புது நண்பன். வியே வியெய் ஆகும்: அன் வியெய் ஆர்ப்ர், பழைய மரம். உயிரும் உயிரும் மோதும் இடத்தில் நாம் 'மா இலை' என்பதை 'மாவிலை' ஆக்குவது போல, அவர்கள் ஒரு மெய்யை நடுவில் நிறுத்துகிறார்கள்.

இது மூன்று சொற்களுக்கு மட்டும் உரிய விதிவிலக்கு என்று புத்தகம் சொல்லும். காதை வைத்துப் பார்த்தால் பொது வழக்கமே அதுதான். பெத்தி என்ற ஆண்பாலும் உயிருக்கு முன்னால் தன் தகரத்தை மீட்டுக்கொள்கிறது: அன் பெத்தித் அமி என்றுதான் ஒலிக்கும், எழுத்தில் ஈ இல்லாவிட்டாலும். போன் என்பதும் அமி முன்னால் பொன் ஆகிவிடும். ஆக, அடுத்து உயிர் வந்தால் ஆண்பால் பெண்பாலைப் போலவே ஒலிக்கும் என்று நினைவில் வையுங்கள். முழுவதும் பொருந்தாத இடம் சில உண்டு; க்ரான் ஓம் சேரும்போது க்ராந்த் என்ற மெல்லிய தகரம் வராது, க்ரான்தோம் என்று வல்லொலியாகவே வரும்.

தவறு நடக்கும் இடங்கள் மூன்று. பன்மையில் இந்தத் தனி உரு கிடையாது. போ என்பதற்கு எக்ஸ் சேர்த்து எழுத வேண்டும், அந்த எக்ஸ் அடுத்த உயிரோடு ஸகரமாக ஒட்டும். பெயரடை பெயருக்குப் பின்னால் வந்தாலும் தனி உரு இல்லை: அந்த மனிதன் அழகாக இருக்கிறான் என்றால் செத் ஓம் எ போ. மூன்றாவது, எச் எழுத்து. வீரன் என்னும் எரோ எச்சில் தொடங்கினாலும் அது ஒட்டவிடாத எச். அன் போ எரோ என்றே சொல்ல வேண்டும். எந்த எச் எந்த வகை என்பதை அகராதியில் உள்ள குறியைப் பார்த்துத்தான் அறிய முடியும்.

கேள்வி: எழுத்துத் தேர்வுக்கு ஈற்று மாற்றங்களின் பட்டியல் வேண்டும்.
– பல வாசகர்கள்

நாற்பது வரிப் பட்டியலை மனப்பாடம் செய்தவர்கள் தேர்வு அறையில் அதை மறப்பதைத்தான் பார்க்கிறோம். அடிக்கடி வருபவை இவை.

ஏற்கெனவே ஊமை ஈ-யில் முடியும் பெயரடைக்கு பெண்பாலில் எதுவும் சேராது: ரூழ் (சிவப்பு), ழென் (இளம்), ஃபசீல் (எளிய). ஐ-எஃப் ஈறு ஐ-வி-ஈ ஆகும்: ஸ்போர்திஃப், ஸ்போர்திவ். ஈ-யூ-எக்ஸ் ஈறு ஈ-யூ-எஸ்-ஈ ஆகும். வியே மட்டும் அடங்காது, வியெய் ஆகும். ஓ-என், ஈ-என், ஈ-எல் ஈறுகளில் கடைசி மெய் இரட்டிக்கும். ஐ-என் ஈற்றில் இரட்டிக்காது. ஈ-ஆர் ஈறு, ஈ மேல் இடப்பக்கம் சாய்ந்த கோடு பெறும்: லெழே என்பது லெழேர் ஆகும், எடை குறைந்த. ஷேர், அதாவது விலை அதிகமான, அதே விதியில் கோடு பெற்றாலும் ஒலி மாறாது. எனவே கோட்டை மறந்துவிடுகிறார்கள்.

ஈ-யூ-ஆர் ஈறுதான் குழப்பம். பொய் சொல்லும் என்ற மான்தெர், மான்தேஸ் ஆகும். படைக்கும் என்ற க்ரெயாதெர், க்ரெயாத்ரீஸ் ஆகும். ஆனால் மெய்யெர் (மேலான), சுப்பெரியெர், எக்ஸ்தெரியெர் போன்று ஒப்பீடும் இடமும் காட்டும் சொற்களுக்கு வெறும் ஈ போதும்.

பன்மையில் எஸ்ஸிலோ எக்ஸிலோ முடியும் ஆண்பால் அப்படியே நிற்கும். ஏ-எல் ஈறு ஏ-யூ-எக்ஸ் ஆகும்: நஸ்யோனால், பன்மையில் நஸ்யோனோ. இது ஆண்பாலுக்கு மட்டும். பெண்பாலுக்கு வழக்கமான ஈ-எஸ்தான். பனால், ஃபதால், நதால், நவால், பான்கால் ஆகியவை ஆண்பாலிலும் எஸ்ஸே பெறும். ஃபினாலுக்கு இரண்டும் ஏற்பு.

கேள்வி: என் துணிக்கடையில் பிரெஞ்சில் விலைச்சீட்டு எழுதுகிறேன். நிறங்கள் சில மாறுகின்றன, சில மாறுவதில்லை. ஏன்?
– பாரிஸ் அருகிலிருந்து ஒரு வாசகர்

நிறத்தின் பெயர் முதலில் ஒரு பொருளின் பெயராக இருந்ததா என்று கேளுங்கள். ஓரான்ழ் ஒரு பழம், மரோன் ஒரு கொட்டை. இவை நிறமாக வந்தால் மாறாது; சட்டை என்னும் ஷெமீஸ் பன்மையாக இருந்தாலும் ஓரான்ழுக்கு எஸ் போடக்கூடாது. துர்க்குவாஸ், காக்கி இரண்டும் அப்படியே. ரோஸும் மோவும் பூவிலிருந்து வந்தவைதான், ஆனால் அவை முழுப் பெயரடைகளாகவே மதிக்கப்படுகின்றன, எஸ் பெறும்.

அடுத்தது கூட்டு நிறம். பச்சை கவுன் யூன் ரோப் வேர்த். கரும்பச்சை கவுன் என்றால்? யூன் ரோப் வேர் ஃபோன்ஸே. தகரம் மறைந்துவிட்டதைக் கவனியுங்கள். 'கரும்பச்சை நிறத்தைக் கொண்ட' என்பது உள்ளே ஒளிந்திருக்கிறது. அந்த வேர் இங்கே நிறத்தின் பெயர், அது ஆண்பால் ஒருமை. எனவே க்ளேர், ஃபோன்ஸே, மரீன் போன்ற சொல் நிறத்தோடு சேர்ந்தால் இரண்டுமே மாறாது. நீலக் கண்களுக்கு ப்ளே-வில் எஸ் உண்டு, வெளிர்நீலக் கண்களுக்கு ப்ளே க்ளேர் இரண்டிலும் எஸ் இல்லை.

உங்கள் கடைக்கு நேராகப் பயன்படுவது ஒன்று. சேலை பிரெஞ்சில் ஆண்பால். ஒவ்வொரு சேலையிலும் சிவப்பும் வெள்ளையும் கலந்திருந்தால் ரூழ் எ ப்ளான் என்பதில் எஸ்ஸே போடாதீர்கள். ஒரே கட்டுக்குள் சில சேலை சிவப்பு, சில வெள்ளை என்றால் இரண்டிலும் எஸ் போடுங்கள். சீட்டில் ஓர் எஸ் மாறினால் வாங்குபவர் வேறு சரக்கை எதிர்பார்ப்பார்.

கேள்வி: கமலாவின் அப்பா என்பதற்கு 'ஸா பேர்' என்று எழுதினேன். அடித்துவிட்டார்கள். அவள் பெண்தானே?
– இல்லத்தரசி, திருச்சி

அவனுடைய, அவளுடைய என்று நாம் உரியவரைப் பார்த்துச் சொல்கிறோம். பிரெஞ்சு உடைமைப் பொருளைப் பார்க்கிறது. அப்பா ஆண்பால், எனவே கமலாவுக்கும் குமாருக்கும் ஸோன் பேர்தான். அம்மா பெண்பால், இருவருக்கும் ஸா மேர்தான். யாருடைய அப்பா என்று பிரித்துக் காட்டியே ஆகவேண்டும் என்றால் ஸோன் பேர் ஆ எல் என்று 'அவளுடைய' என்பதைப் பின்னால் ஒட்டுவார்கள்.

இதன் மேல் இன்னொரு அடுக்கு. பெண்பாலுக்கு வரும் மா (என்), தா (உன்), ஸா மூன்றும் உயிருக்கு முன்னால் மோன், தோன், ஸோன் ஆகும். பள்ளி என்னும் எகோல் பெண்பால். ஆனாலும் மோன் எகோல். இதைப் பார்த்து எகோல் ஆண்பால் என்று முடிவு கட்டினால் பெயரடையும் கெடும். முடிவு செய்வது அடுத்து நிற்கும் சொல்லின் முதல் ஒலி. என் புதுப் பள்ளி: மா நுவெல் எகோல், ஏனென்றால் நுவெல் மெய்யில் தொடங்குகிறது. என் முன்னாள் பள்ளி: மோன் ஆன்சியென் எகோல். இரண்டிலும் பெயரடை பெண்பாலே.

கேள்வி: பத்துப் பெண்களும் ஒரு ஆணும் இருந்தால் பெயரடை ஆண்பாலாமே? இது நியாயமா?
– ஆசிரியை, மதுரை

விதி அதுதான். ஆண்பாலும் பெண்பாலும் கலந்தால் ஆண்பால் பன்மை. நமக்கு 'நல்லவர்கள்' என்ற பலர்பால் இருப்பதால் இந்தப் பஞ்சாயத்தே எழவில்லை. பிரெஞ்சில் அப்படி ஒரு பொது இடம் கிடையாது.

எப்போதும் இவ்வளவு கண்டிப்பாக இருக்கவில்லை. பழைய எழுத்தில், பக்கத்தில் நிற்கும் பெயரோடு மட்டும் பெயரடை ஒத்துப்போவதும் உண்டு. 1647-இல் வெளியான தன் மொழிக் குறிப்புகளில் பிரெஞ்சு இலக்கண அறிஞர் வோழ்லா, ஆண்பால் 'மேன்மையானது', அதுவே வெல்ல வேண்டும் என்ற காரணத்தை எழுதினார். பின்னாளில் 'ஆண்பால் பெண்பாலை வெல்லும்' என்பது பள்ளிக்கூடச் சூத்திரமாகவே ஆகிவிட்டது. 2017 நவம்பரில் பிரான்சில் 314 ஆசிரியர்கள், இனி இந்தச் சூத்திரத்தைக் கற்பிக்க மாட்டோம் என்று கையெழுத்திட்டு அறிக்கை விட்டார்கள். நியாயம் பற்றிய உங்கள் கேள்வி அங்கேயும் ஓயவில்லை. தேர்வில் மட்டும் பழைய விதியையே எழுதுங்கள்.

எழுதும்போது ஒரு நயம் உண்டு. சட்டையும் காற்சட்டையும் வெள்ளை என்று சொல்ல வேண்டும். ஷெமீஸ் பெண்பால், பான்தலோன் ஆண்பால். பான்தலோனை முதலில் வைத்தால் 'ஷெமீஸ் ப்ளான்' என்று பெண்பாலுக்குப் பக்கத்தில் ஆண்பால் உரு வந்து காதை உறுத்தும். ஷெமீஸை முதலில் வைத்து பான்தலோனைக் கடைசியில் வைத்தால் உறுத்தல் போய்விடும், விதியும் காப்பாற்றப்படும்.

கேள்வி: கடல் என்னும் மேர் பெண்பால். ஆனால் 'ஸெ போ, லா மேர்' என்கிறார்கள். பெல் அல்லவா வரவேண்டும்?
– வாசகி, காரைக்கால்

ஸெ என்பதில் இருக்கும் எழுவாய் 'அது, இது' என்ற பொதுச் சுட்டு. அது கடல் என்ற சொல்லை நேராகச் சுட்டாமல் காட்சி முழுவதையும் சுட்டுகிறது. அதற்குப் பின் பெயரடை எப்போதும் ஆண்பால் ஒருமை. கடலே எழுவாயானால் லா மேர் எ பெல். ஸெ-க்குப் பின் பெயரே வந்துவிட்டால், பெயரடை அந்தப் பெயரைப் பார்க்கும்: ஸெ யூன் பெல் மேஸோன், இது அழகான வீடு.

இதே போல உறைந்து நிற்கும் இடங்கள் வேறு சில. ஏதோ நல்லது, எதுவும் புதிதில்லை, முக்கியமான ஒருவர் என்ற தொடர்களில் தெ என்ற இடைச்சொல்லுக்குப் பின் வரும் பெயரடை ஆண்பால் ஒருமையே: கெல்க் ஷோஸ் தெ போன். ஷோஸ் தனியே பெண்பால் என்பதை இங்கே மறந்துவிடுங்கள்.

வினையைத் தழுவும் பெயரடையும் மாறாது. இந்தப் பூக்கள் மணக்கின்றன: ஸே ஃப்ளெர் ஸான்த் போன். பூ பெண்பால் பன்மை, ஆனாலும் பொன் இல்லை. தக்காளி விலை அதிகம் என்பதை இரு விதமாகச் சொல்லலாம். ஸே தொமாத் கூத் ஷேர் என்றால் வினையைத் தழுவுவதால் வெறும் ஷேர். ஸே தொமாத் ஸோன் ஷேர் என்றால் கோடு, ஈ, எஸ் எல்லாம் வேண்டும். காதுக்கு இரண்டும் ஒன்று. எழுத்தில் ஐயம் வந்தால், வினை எத்ர்தானா என்று பாருங்கள். எத்ர் என்றால் மாற்றுங்கள்.

கேள்வி: மேலதிகாரியிடம் 'வூ' என்று பேசுகிறேன். அது பன்மை. பெயரடைக்கும் எஸ் போடவா?
– கணினிப் பொறியாளர், கோயம்புத்தூர்

நம் 'நீங்கள்' போலத்தான். ஒருவரிடம் 'நீங்கள் நல்லவர்', பலரிடம் 'நீங்கள் நல்லவர்கள்' என்கிறோம். வினை பன்மை, பெயரடை ஆளைப் பார்த்து. மகிழ்ச்சியாக இருக்கிறீர்கள் என்பதற்கு ஆண் அதிகாரிக்கு வூ ஸெத் கோன்தான், பெண் அதிகாரிக்கு கோன்தான்த், எஸ் வேண்டாம். பலரை விளித்தால் மட்டும் எஸ். பேச்சில் 'நாம்' என்ற பொருளில் வரும் ஓன் இதற்கு நேர் எதிர்: வினை ஒருமை, பெயரடை பன்மை.

கேள்வி: பெயரடை முன்னால் வருமா, பின்னால் வருமா?
– பெயர் குறிப்பிடாத வாசகர்

பெரும்பாலும் பின்னால். அழகு, வயது, நன்மை தீமை, அளவு பற்றிய சில சின்னச் சொற்கள் முன்னால்: போ, ழோலி, ழென், வியே, நுவோ, போன், மொவே, க்ரான், பெத்தி, க்ரோ. நிறமும் நாட்டுப் பெயரும் பின்னால்தான்: லா லாங்க் தமூல், தமிழ் மொழி. தமூல் பெண்பாலில் ஈ பெறும், பேச்சில் தெரியாது. பெயரடையாக வரும்போது சிறிய எழுத்தில்தான் தொடங்க வேண்டும்.

பன்மையில் பெயரடை முன்னால் நின்றால், கவனமான எழுத்தில் தே என்ற சார்புச்சொல் (ஆர்ட்டிகிள்) தெ என்று சுருங்கும்: தே மேஸோன் ப்ளான்ஷ், ஆனால் தெ பெல் மேஸோன். சில சொற்களுக்கு இடம் மாறினால் பொருளே மாறும். மா ப்ரோப்ர் ஷான்ப்ர் என் சொந்த அறை. மா ஷான்ப்ர் ப்ரோப்ர் சுத்தமான என் அறை. ஆன்சியென் முன்னால் வந்தால் முன்னாள், பின்னால் வந்தால் பழமையான.

கேள்வி: டெல்ஃப் பி-1 பிரெஞ்சுத் தகுதித் தேர்வின் கட்டுரையில் பால், எண் இயைபுப் பிழைக்கே மதிப்பெண் போகிறது. திருத்திப் பார்க்க ஒழுங்கான முறை உண்டா?
– தேர்வர், சேலம்

அங்கே குறைந்தது 160 சொற்கள், 45 நிமிடம். கடைசி ஆறு நிமிடத்தை எழுதாமல் வையுங்கள். கட்டுரையை முதலிலிருந்து வாசித்தால் கருத்துதான் கண்ணில் படும், பிழை படாது. பெயரடைகளை மட்டும் தேடிப் பிடியுங்கள். ஒவ்வொன்றையும் பிடித்து 'யாருடைய அடை நீ?' என்று கேட்டு, அதன் பெயர்ச்சொல்லுக்குப் பென்சிலால் ஒரு கோடு இழுங்கள். பிறகு பால், பிறகு எண்.

மாணவர்கள் எழுதும் மாதிரி வாக்கியம் ஒன்று: மா நுவோ மேஸோன் எ த்ரே போ. என் புது வீடு மிக அழகாக இருக்கிறது என்று சொல்ல முயற்சி. 'மா' போட்டதால் வீடு பெண்பால் என்று எழுதியவருக்குத் தெரிந்திருக்கிறது. ஆனால் அந்த அறிவு அடுத்த சொல்லுக்குக்கூடப் போய்ச் சேரவில்லை. நுவோவிலிருந்து மேஸோனுக்கு ஒரு கோடு, போவிலிருந்து மேஸோனுக்கு ஒரு கோடு: இரண்டும் மாற வேண்டும். மா நுவெல் மேஸோன் எ த்ரே பெல். அதிகம் தப்புவது இந்த இரண்டாவது வகைதான்; வினைக்கு அப்பால் போன பெயரடை பெயரை மறந்துவிடுகிறது. 'மற்றும்' என்னும் எ-க்குப் பின் வரும் இரண்டாவது பெயரடையும் அப்படியே.

பாலே தெரியாவிட்டால் கோடு இழுத்துப் பயனில்லை. அது வீட்டில் செய்ய வேண்டிய வேலை. புதுச் சொல்லை லெ, லா என்ற சார்புச்சொல்லோடு எழுதிவைக்காதீர்கள். உயிருக்கு முன்னால் இரண்டும் சுருங்கி ஒன்றாகிவிடும், பால் மறைந்துவிடும். தண்ணீர் லோ, மரம் லார்ப்ர். எது எந்தப் பால்? அன், யூன் என்பதோடும், பால் காதில் விழும் ஒரு பெயரடையோடும் சேர்த்து எழுதுங்கள். யூன் ஓ ஃப்ரேஷ், குளிர்ந்த நீர். அன் ஆர்ப்ர் வேர், பச்சை மரம். ஈற்றை வைத்து ஊகிப்பதும் ஓரளவு உதவும். டி-ஐ-ஓ-என் ஈறு பெரும்பாலும் பெண்பால். ஏ-ஜி-ஈ ஈறு பெரும்பாலும் ஆண்பால், ஆனால் ப்ளாழ் (கடற்கரை), இமாழ் (படம்), பாழ் (பக்கம்), காழ் (கூண்டு) பெண்பால்.

கேள்வி: ஆணைப் பற்றிப் பேசும்போதும் பெண்பால் பெயரடை வருமா?
– வாசகர், நாகப்பட்டினம்

வரும். ஆள் என்னும் பெர்சொன், பாதிக்கப்பட்டவர் என்னும் விக்தீம் இரண்டும் எப்போதும் பெண்பால். மீசைவைத்தவரானாலும் பெயரடை பெண்பாலில்தான். மக்கள் என்னும் ழான் இன்னும் விசித்திரம்: பின்னால் வரும் பெயரடை ஆண்பால், ஒட்டி முன்னால் வருவது பெண்பால். வயதானவர்கள் என்பதற்கு தெ வியெய் ழான் என்று எழுதினால் வியெய் பெண்பால் பன்மை.

கேள்வி: பாட்டி பெண்தானே? க்ரான்மேர் என்பதில் க்ராந்த் ஏன் இல்லை?
– பள்ளி மாணவி, புதுச்சேரி

நல்ல கண் உங்களுக்கு. மூலமான லத்தீன் சொல் க்ராந்திஸ், ஆண்பாலுக்கும் பெண்பாலுக்கும் ஒரே உரு. பழைய பிரெஞ்சும் அதையே பின்பற்றியது. பெண்பாலுக்கு ஈ கிடையாது. மற்றப் பெயரடைகளைப் பார்த்துப் பிற்காலத்தில் இதற்கும் ஈ ஒட்டினார்கள். க்ரான்மேர் அதற்குள் உறைந்துவிட்ட சொல். ரோஷ்ஃபோர் என்ற ஊர்ப் பெயரும் இந்த வகை; பாறை என்னும் ரோஷ் பெண்பால், ஆனாலும் வலிமையான என்பதன் பெண்பாலான ஃபோர்த் இல்லை. இடையில் வந்தவர்கள், ஓர் ஈ உதிர்ந்துவிட்டதாக நினைத்து, க்ரானுக்கும் மேருக்கும் நடுவே மேற்கொம்பு (அபாஸ்ட்ரஃபி) ஒன்றைப் போட்டு எழுதினார்கள். உதிர ஈ-யே இருந்ததில்லை. பிரெஞ்சு அகாதமி தன் அகராதியின் 8-ஆம் பதிப்பில், 1932–35-இல், அந்தக் கொம்பை எடுத்துவிட்டுச் சிறுகோடு போட்டது. இன்று அப்படித்தான் எழுத வேண்டும். பன்மையில் மேர்-க்கு எஸ் கட்டாயம். க்ரானுக்கு போட்டாலும் சரி, போடாவிட்டாலும் சரி.